பூஜ்யப் பொத்தான்

ஜனவரி 12

என் அக்கா பெற்ற ஒரே செல்வமும், கத்திரிக்கோல் ஏந்திய காவல் தெய்வமும், உலகத்து இடுப்புகளையெல்லாம் அளந்து முடித்தவளுமாகிய மருமகள் ஊசிக்கு,

உன் மாமா எழுதுவது. நான் நலம். சாதாரண நலமில்லை, ஒரு நாற்காலியில் அடங்காத நலம். உன் நலத்தையும், உன் கடைத் தையல் மிஷின்களின் நலத்தையும் தனித்தனியே எழுது.

நின்றுகொண்டு படிக்கிறாயானால் உட்கார். உட்கார்ந்திருந்தால் எதையாவது பிடித்துக்கொள். முப்பது வருடமாக லாரி எடைமேடைக்கு ஏகச் சக்கரவர்த்தியாக இருந்து, மணல் லாரி, சிமெண்டு லாரி, பழைய இரும்பு லாரி என்று எவன் வந்தாலும் "உன் காலி எடை என்ன, சுமை எடை என்ன?" என்று நெற்றிக்கண்ணைத் திறந்த உன் டன் மாமா, வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன்!

எப்படி என்று கேள். போன வாரம் எடைமேடை அறையில் கொஞ்சம் கண்ணை மூடி உலக நன்மைக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வெளியே லாரிகள் அடுத்த ஊர் எல்லை வரை நின்றுவிட்டனவாம். ஹாரன் சத்தத்தில் பறவைகள் எல்லாம் நாட்டை விட்டே போய்விட்டன. ஒரு டிரைவர் உள்ளே வந்து என்னை உலுக்கி, "டன் அண்ணே, உயிரோட இருக்கீங்களா, இல்ல நாங்களே எடை போட்டுக்கவா?" என்றான். உடனே முதலாளிக்கு என் மேல் அக்கறை பொங்கி, டாக்டரிடம் அனுப்பிவிட்டார்.

டாக்டரம்மா ரொம்ப ஒல்லி. காற்றடித்தால் மருந்துச் சீட்டோடு சேர்ந்து பறந்துவிடுவார். அவருடைய தராசில் ஒரு காலைத்தான் வைத்தேன். அது கோளாறு என்பதற்கு 'ஈ' என்று ஓர் ஆங்கில எழுத்தைக் காட்டிவிட்டு மூர்ச்சையாகிவிட்டது.

"உங்க வயிறு ஒரு பை மாதிரி," என்றார். "அதுல முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் கணக்கா குழாயா விட்டுருவோம்."

"எடுத்ததை என்ன பண்ணுவீங்க? வீட்டுக்குக் குடுத்தனுப்புவீங்களா?"

"மாட்டோம்."

"முப்பது வருஷம் சோறு போட்டு வளர்த்த பை டாக்டரம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒல்லியானவர்களுக்குச் சிரிப்பு தங்க இடமில்லை போலும். ஆனால் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது! யோசித்துப் பார், ஊசி. நான் கால்மேல் கால் போடுவேன். என் செருப்பை நானே நேருக்கு நேர் பார்ப்பேன். அது கறுப்பா பழுப்பா என்றே மறந்துவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மனிதர் உட்காருவார்.

உன் கருத்தை உடனே எழுது. எழுதாவிட்டாலும் போகப்போகிறேன். புதுச் சட்டைகளுக்குத் துணி எடுத்து வை.

இப்படிக்கு, முழுசாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டிய உன் டன் மாமா.


ஜனவரி 21

அன்புள்ள டன் மாமாவுக்கு,

ஊசி எழுதுவது. இங்கு நானும் மூன்று மிஷின்களும் நலம். நாலாவது மட்டும் நூலை அறுக்கிறது, அதற்கு என்ன மனக்குறையோ. உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆசை.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் கத்திய கத்தலில் வெட்டுமேஜைக்காரர் கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். "யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?" என்றார். "பொறக்கல, எங்க மாமா பாதியாகப் போறார்," என்றேன். எனக்கும் உற்சாகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் தையற்காரி என்ற முறையில் ஒன்று கேட்கவேண்டும். பிடித்துத் தைப்பது வேறு, வெட்டித் தைப்பது வேறு. பிடித்துத் தைத்தால் துணி உள்ளே மடிந்து பத்திரமாக இருக்கும். நாளைக்கு மனசு மாறினால் பிரித்துவிடலாம். வெட்டினது வெட்டினதுதான். எவ்வளவு கெஞ்சினாலும் திரும்ப வராது. உங்கள் டாக்டரம்மா சொன்னது வெட்டு. தெரிந்துதான் குதிக்கிறீர்களா?

இன்னொன்று. அழகுக்காக என்றால் வேண்டாம் மாமா. நானும் ஒன்றும் ஒல்லி இல்லை. மாடிப்படி ஏறுகிறேன், படுத்தால் தூங்குகிறேன், என் உடம்போடு எனக்குச் சண்டை இல்லை. உங்கள் உருவத்திலும், துணி கூடுதலாகப் பிடிக்கும் என்பதைத் தவிர, எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் காரணம் என்ன என்று நேராகச் சொல்லுங்கள். அறையில் கண்ணை மூடினீர்கள் என்றீர்களே, பகலிலா?

அத்தை என்ன சொல்கிறார்?

இத்துடன் சிவப்பு நூல் ஒன்று வைத்திருக்கிறேன். இடுப்பைச் சுற்றிக் கட்டி, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். இன்றைய அளவு என் கையில் இருந்தால், பின்னால் எவ்வளவு இளைத்தீர்கள் என்று நானே சொல்வேன். உங்கள் வாயை நம்பி நான் துணி வெட்ட மாட்டேன்.

பிரியத்துடன், உங்கள் ஊசி.


பிப்ரவரி 3

நூலனுப்பி வேவு பார்க்கும் மருமகள் ஊசிக்கு,

மாமா நலம். நாலாவது மிஷினுக்கு என் அனுதாபம்; எண்ணெய் விடு, எனக்கு அதுதான் மறுக்கப்படுகிறது.

வேலை மும்முரமாக நடக்கிறது! ரத்தம் எடுத்தார்கள், ஒரு சின்ன ஓடை வற்றும் அளவுக்கு எடுத்தார்கள். தூங்கும்போது மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்க மூக்கில், விரலில், மார்பில் எல்லாம் கம்பி மாட்டிப் படுக்க வைத்தார்கள். எனக்கு நான் ஏதோ ரேடியோ நிலையம் என்று தோன்றியது. அதன் முடிவு என்ன என்பது ரொம்ப நீளமான கதை, விடு.

மனசைப் பரிசோதிக்க ஓர் அம்மா வந்தார். "எதுக்காக நிறையச் சாப்பிடுறீங்க?"

"வாய் இருக்கு, அதான்."

"சந்தோஷமா இருக்கும்போது சாப்பிடுவீங்களா, கவலையா இருக்கும்போதா?"

"ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவேளை கிடைச்சா அப்பவும்."

அவர் சிரித்துவிட்டு ஏதோ நீளமாக எழுதிக்கொண்டார். நான் தேறிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு தடங்கல். ஆபரேஷனுக்கு முன்பே கொஞ்சம் இளைக்க வேண்டுமாம், அப்போதுதான் கல்லீரல் சுருங்கிக் கத்திக்கு வழிவிடுமாம். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பெரிய தராசு இருக்கிறது, அங்கே வாருங்கள் என்றார்கள். நான் ஏன் போகவேண்டும்? நானே எடைமேடைக்கு அதிபதி! தினமும் லாரி இல்லாத நேரத்தில் ஏறி நிற்கிறேன். வெறும் கஞ்சித்தண்ணீரும் கீரையுமாக ஆட்டுக்குட்டி வாழ்க்கை வாழ்ந்தும் எண் அசையவே இல்லை. அரசு முத்திரை பதித்த யந்திரம் பொய் சொல்லுமா? ஆகவே ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகலாம். எனக்கு வருத்தம்தான். என்ன செய்வது, விதி.

வெட்டு என்று தெரியும். தெரியாமல் குதிக்க நான் என்ன தவளையா?

நூல் இத்துடன் இருக்கிறது. என் அளவைப் பார்த்து நீயே அசந்துபோவாய்.

இப்படிக்கு, இளைத்துக்கொண்டே இருந்தும் இளைக்காத அதிசயமாகிய உன் டன் மாமா.


பிப்ரவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன், சரியாகிவிட்டது. உங்களுக்கு என்ன விடுவது என்றுதான் தெரியவில்லை.

நூலைப் பார்த்தேன், அசந்துதான் போனேன். அந்த வட்டத்துக்குள் உங்கள் ஒரு தொடை போகலாம், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டால். டீசல் வாடை அடிக்கிறது. முடிச்சு, லாரிக்காரர்கள் தார்ப்பாய் இழுத்துக் கட்டும் முடிச்சு. எந்த டிரைவருடைய இடுப்பை எனக்கு அனுப்பினீர்கள்? அந்த மனிதர் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் எடைமேடை. அது இருபது இருபது கிலோவாகத்தான் தாவும். இடையில் பத்தொன்பது கிலோ குறைந்தாலும் வாயைத் திறக்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். லாரியை நிறுக்கிற மேடையில் ஏறி நின்று, இளைக்கவில்லை, விதி என்று எழுதுகிறீர்கள். உங்களுக்குத் தெரியாமலா? அசையாத எண்தான் வேண்டும் என்றா அதில் ஏறினீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பின்கட்டுத் தராசுக்குப் போங்கள். இன்னொரு நூல் அனுப்புகிறேன்.

அத்தை என்ன சொல்கிறார் என்று போன தடவையே கேட்டேன்.

உங்கள் ஊசி.


பிப்ரவரி 26

குற்றம் கண்டுபிடித்தே பெயர் வாங்கும் மருமகளுக்கு,

தோற்றுப்போன மாமா வெள்ளைக்கொடியோடு எழுதுவது. உடம்பு நலம், மானம்தான் கொஞ்சம் சுகமில்லை.

அந்த இடுப்பு பழைய இரும்பு லாரி டிரைவருடையது. நீ சொன்னதைச் சொன்னேன். "உங்க மருமகளுக்கு என் நன்றியச் சொல்லுங்க அண்ணே, எங்க வீட்ல யாரும் இப்படிக் கவனிச்சதில்ல," என்று கண்கலங்கிவிட்டான்.

நீ அனுப்பிய நூல் எட்டவில்லை. முதுகுப் பக்கம் போனது திரும்பி வரவே இல்லை. இன்னொரு நூலை முடிச்சுப் போட்டுச் சேர்த்திருக்கிறேன். இதுதான் நிஜம். யாரிடமும் காட்டாதே, பூமத்திய ரேகை தொலைந்துவிட்டது என்று தேட வருவார்கள்.

பின்கட்டுத் தராசுக்கும் போனேன். ஆறு கிலோ குறைந்திருக்கிறேன்! ஆறு! டாக்டரம்மா முதன்முறையாகப் பல்லைக் காட்டினார். மார்ச் இருபத்துநாலு என்று தேதி குறித்தாயிற்று. எடைமேடையில் ஒரே கொண்டாட்டம். டிரைவர்கள் எல்லாம் ஆளுக்கொரு ஹாரன் அடித்து மரியாதை செய்தார்கள். பக்கத்து மரப்பட்டறைக்காரர் காது வலி என்று லீவு போட்டுவிட்டார்.

கடைசி இரண்டு வாரம் திரவ ஆகாரம் மட்டும்தான். ஆகவே இப்போதே விடைபெற ஆரம்பித்துவிட்டேன். பொரித்தவையே, போய்வாருங்கள். எண்ணெயில் மிதந்தவையே, கரையேறிக்கொள்ளுங்கள். முறுகலாய் இருந்தவையே, இனி வேறு யார் பல்லுக்காவது பதில் சொல்லுங்கள்.

அத்தையா? அவள் நலம். கொஞ்ச காலமாகத் தூக்கம் போதவில்லை என்கிறாள். வயசு.

இப்படிக்கு, மார்ச் இருபத்துநாலின் மாப்பிள்ளை, உன் டன் மாமா.


மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு கிலோ! கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன். வெட்டுமேஜைக்காரர் உங்களைப் பார்க்காமலே உங்கள் ரசிகராகிவிட்டார்.

சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு உங்களுக்குச் சரியாக இருக்கும். உள்ளே பக்கவாட்டில் மூன்று வரிசை நூலோட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இளைக்க இளைக்க, அந்த வரிசையில் ஒவ்வொன்றாக அத்தையைப் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். ஒரே சட்டை, நாலு மாமா.

அத்தைக்கு ஏன் தூக்கம் போதவில்லை? வயசு என்று எழுதினீர்கள். அவர் உங்களைவிட எட்டு வயது சின்னவர்.

இருபத்துநாலாம் தேதி காலையில் ஒரு மிஷினும் ஓடாது. எல்லோரும் உங்களை நினைத்துக்கொண்டிருப்போம். முடிந்ததும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஆவலுடன், ஊசி.


ஏப்ரல் 10

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? தேதி கடந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. நீங்களும் எழுதவில்லை, அத்தையும் எழுதவில்லை. போன் செய்தால் "அப்புறம் பேசறேன், லாரி நிக்குது" என்று வைத்துவிடுகிறீர்கள். ஆபரேஷன் ஆனவர் எப்படி எடைமேடையில் இருக்கிறார்?

ஒரு வரி போதும். வேடிக்கையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஊசி.


ஏப்ரல் 17

ஊசிக்கண்ணுக்கு,

அத்தை எழுதறேன். நல்லா இருக்கியா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, உங்க மாமா மாதிரி வராது. அவருக்குத் தெரியாமல் எழுதறேன்.

ஆபரேஷன் நடக்கவில்லை. சட்டை நல்லா இருக்கு, ஆனா அவர் போடவில்லை.

அன்னைக்குக் காலையில போனோம். அவர்தான் ஆட்டம் போட்டுக்கிட்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கவுன் ஒண்ணு குடுத்தாங்க, பின்னாடி நாடா கட்டறது. அது எட்டவே இல்லை. உடனே அவர், "இது சட்டையா, கைக்குட்டையா? மூக்கைத் துடைச்சுட்டுத் தரவா?" என்றார். நர்சுங்க எல்லாம் சிரிச்சாங்க. பக்கத்து அறையில இருந்தும் வந்து பார்த்தாங்க. "ஒண்ணை முன்னாடி, ஒண்ணைப் பின்னாடி கட்டிக்கோங்க ஐயா," என்று இன்னொண்ணு கொண்டுவந்தாங்க. அவர் அதையும் வச்சு ஒரு கூத்து நடத்தினார். அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு மாத்தப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. தேடிப் போனால், கவுன் மேலேயே பேண்டை மாட்டிக்கிட்டு வாசல் பெஞ்சில உட்கார்ந்திருக்கார்.

"என்னங்க?" என்றேன்.

"அவங்க சிரிச்சாங்க," என்றார்.

"நீங்கதானே சிரிக்க வச்சீங்க?"

"ஆமா. ஆனா நான் கதவைச் சாத்தினப்புறமும் சிரிச்சாங்க."

ஆட்டோவில ஏறினோம், வந்துட்டோம். வெட்டு, கத்தி, செத்துப்போறது, அந்தப் பயமும் இருக்கு. அதை ஒருநாளும் சொல்ல மாட்டார்.

கண்ணு, நீ என் தூக்கத்தைப் பத்திக் கேட்டு எழுதினதை நான் படிச்சேன். தூங்கும்போது அவருக்கு மூச்சு நின்னுபோகுது. நிக்கும், நிக்கும், எனக்கு உயிர் போகும். அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு இழுப்பு. முழங்கையால இடிச்சால் திரும்பிப் படுப்பார். ரெண்டு வருஷமா நான் முழங்கையை வச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன். அந்தக் கம்பிப் பரிசோதனையில டாக்டரம்மா அதைத்தான் சொன்னாங்க, உடம்பு குறைஞ்சாத்தான் இது குறையும், அதுவரைக்கும் முகத்துல மாட்டிக்க ஒரு மிஷின் தர்றோம்னு. மிஷினை மாட்டினால் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்குன்னு கேலி பண்ணிட்டு அலமாரியில வச்சுட்டார். பகல்ல தூங்கி விழறதும் அதனாலதான்.

அவர் சொன்னா எல்லாமே சிரிப்பா இருக்கு. எனக்குத்தான் சிரிப்பு வரலை. நீ ஏதாவது எழுது. நீ எழுதினா கேட்பார்.

அத்தை.


ஏப்ரல் 25

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை, நீங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். அத்தை எல்லாம் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் இனி உங்களுக்குப் பொத்தான் இல்லாத சட்டைதான்.

ஒரு பழைய கதை சொல்லவேண்டும். எனக்கு ஒன்பது வயது. பள்ளி விளையாட்டு விழாவில் நான் ஓடினபோது, "டேய், பூமி ஆடுதுடா" என்று ஒரு கூட்டமே கத்தியது. நான் அழுதுகொண்டே உங்கள் எடைமேடைக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னேன். என்னைத் தூக்கி மேடை நடுவில் நிறுத்திவிட்டு உள்ளே போனீர்கள். ஜன்னல் வழியாகக் கத்தினீர்கள்: "வெளித்திரையைப் பாரு! பூஜ்யம்! அரசாங்க முத்திரை போட்ட யந்திரம் சொல்லுது, உனக்கு எடையே இல்லை! நீ ஊசி!" அன்றிலிருந்து நான் ஊசி.

நான் குதித்துக்கொண்டே இறங்கிப் போனேன். நான் நம்பிவிட்டேன் என்று நீங்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மாமா, நான் இறங்கினதும் திரும்பிப் பார்த்தேன். திரையில் சிவப்பாக மைனஸ் நாற்பது என்று இருந்தது. மேடையில் தூசியும் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் கணக்கை நேராக்க ஒரு பூஜ்யப் பொத்தான் உண்டே, நான் மேலே நிற்கும்போதே அதை அமுக்கியிருக்கிறீர்கள். அடுத்து வந்த மணல் லாரிக்காரர், "என் வண்டி நாப்பது கிலோ இளைச்சுப்போச்சா?" என்று உங்களோடு சண்டை போட்டதும் கேட்டது.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றால், எனக்கு அந்தப் பூஜ்யத்தைவிட மைனஸ்தான் பிடித்திருந்தது. நான் இறங்கிப் போனால் இந்த மேடைக்கு நாற்பது கிலோ குறைகிறது, என் மாமாவுக்குக் குறைகிறது என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு யார் கத்தினாலும் எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது நீங்கள் மேடையில் நிற்கிறீர்கள். எத்தனையோ வருடமாக அத்தையின் கணக்கில், என் கணக்கில், உங்களையும் சேர்த்துத்தான் பூஜ்யம். நீங்கள் ஒருநாள் தூக்கத்திலேயே இறங்கிப் போய்விட்டால், அத்தையின் திரையில் என்ன காட்டும் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள்.

வேண்டாம் என்றால் வேண்டாம். அது உங்கள் வயிறு. ஆனால் நாடா எட்டாத ஒரு துணிக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது தைத்தவன் தப்பு, உங்கள் தப்பு இல்லை. தையற்காரி சொல்கிறேன்.

இத்துடன் ஒரு கவுன் வருகிறது. நீங்கள் அனுப்பிய இரட்டை நூலை வைத்து வெட்டினேன். பருத்தி, மூன்று தடவை துவைத்து மெதுவாக்கியிருக்கிறேன். முதுகு முழுசாக மூடும், நாடா சுற்றிவந்து முன்னாலேயே முடிச்சு விழும், யார் கையும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அத்தை கேட்டுவிட்டார். துவைத்து மூடிக் கொண்டுவந்தால் சரியாம். பை மட்டும் வைக்கவில்லை. திருட்டுத்தீனி வைப்பீர்கள்.

உங்கள் ஊசி.


மே 6

ஊசிக்கு,

நலம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மையைப் பார். நலமில்லை. ஆனால் ஆகப்போகிறேன்.

திரும்பிப் பார்த்தாயா! அடிக் கழுதை! இத்தனை வருடம் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறாயே! உலகத்திலேயே மிகப் பெரிய மாயாஜாலக்காரன் என்று நான் மார்தட்டிக்கொண்டிருக்க, பார்வையாளர் வரிசையில் ஒரு ஒன்பது வயசு நரி!

உன் கடிதத்தை அறையில் வைத்துப் படித்தேன். கண்ணில் தூசி விழுந்தது. சிமெண்டு லாரி வந்திருந்தது, அதுதான் காரணம். அப்புறம் கவுனைப் போட்டுப் பார்த்தேன். சட்டைக்கு மேலேயேதான். நாடா சுற்றிவந்து தொப்புளுக்கு நேரே தானாக முடிச்சு விழுந்தது. வெளியே வந்து மேடையில் ஒரு நடை நடந்தேன். பழைய இரும்பு டிரைவர் லாரியை விட்டு இறங்கி, "டன் அண்ணே, பட்டாபிஷேகத்துக்குப் போற மாதிரி இருக்கு," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். வேடிக்கை பேசவில்லை, நம்பு. "டாக்டரம்மா, நான் செத்துருவேனா?" என்று கேட்டேன்.

"ரொம்ப அபூர்வம்," என்றார். "சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்படியே விட்டா, உங்க மூச்சு உங்களைக் கேட்டுட்டு நிக்காது."

"சரி. வெட்டுங்க."

"யோசிச்சுட்டீங்களா? இதைத் திரும்ப ஒட்ட முடியாது."

"தெரியும். எங்க வீட்ல ஒரு தையற்காரி இருக்கா."

அந்தத் தும்பிக்கை மிஷினை அலமாரியில் இருந்து எடுத்துவிட்டேன். நாலு நாளாக மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். உன் அத்தை தினமும் காலையில் புதுசாக முளைத்த மாதிரி எழுந்து வருகிறாள். அவள் இவ்வளவு அழகு என்பதே எனக்கு மறந்திருந்தது.

மே பதினாறு. திரவ ஆகாரம் தொடங்கியாயிற்று. விடைபெறுதல்களை இரண்டாம் முறை நடத்தவில்லை. பொரித்தவை எல்லாம், "போன தடவையும் இப்படித்தான் அழுதே" என்று கேலி செய்யும்.

பயமாக இருக்கிறது, ஊசி. இந்த வரியை மட்டும் அத்தைக்குப் படித்துக் காட்டாதே.

உன் மாமா.


ஆகஸ்ட் 30

அளவெடுத்தே ஆளை மீட்ட மருமகள், நூலின் நாயகி, நாடாக்களின் ராணி ஊசிக்கு,

மாமா நலம்! அடிக்காமல், திருத்தாமல், கொட்டை எழுத்தில் எழுதுகிறேன், பார். உன்னையும், நாலு மிஷின்களையும், வெட்டுமேஜைக்காரரையும் நலம் விசாரிக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்ததும் அத்தை உனக்கு இரண்டு வரி போட்டாள். நான் எழுதாததற்குக் காரணம், முதல் மாதம் எழுதும்படியாக இல்லை. ஒரு கரண்டித் தண்ணீரை வயிறு வாதாடித் திருப்பி அனுப்பியது. ஒருநாள் அழுதேன். வெட்டினதைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடலாமா என்றுகூட நினைத்தேன். இப்போது டீக்கரண்டியில், ஒரு பூனை வெட்கப்படும் அளவுக்குச் சாப்பிடுகிறேன். இளைத்த இடத்தில் தோல் தொங்குகிறது. அதையும் பிடித்துத் தைக்க வருவாயா என்று உன்னைக் கேட்கச் சொன்னாள் அத்தை.

ஆனால் கேள்! என் செருப்பு பழுப்பு! நேற்றுப் பார்த்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்தார். அவர் இறங்கும்வரை உன் கதையைச் சொல்லி அவர் காதைத் தேய்த்துவிட்டேன். உன் சட்டையில் அத்தை இரண்டு வரிசை பிடித்துவிட்டாள். தும்பிக்கை மிஷின் இனி வேண்டுமா என்று பார்க்க அடுத்த மாதம் மறுபடி கம்பி மாட்டப்போகிறார்கள். மூச்சு நிற்காமல் போகிறது. அதனால் இப்போது வீடு அமைதியாக இருக்கிறதாம், அந்த அமைதியைக் கேட்டு அத்தை பயந்துபோய் என்னை எழுப்பி, "என்னங்க, இருக்கீங்களா?" என்கிறாள். ஒருவழியாக எனக்கும் தூக்கம் கெட்டது.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். இன்று அத்தையை எடைமேடைக்குக் கூட்டிப் போனேன். நான் ஏறி நின்றேன். இதுவரை என்னை மதிக்காத அந்த யந்திரம் இருபது கிலோ, அதற்கு மேல் இன்னோர் இருபது, கீழே இறங்கியிருந்தது. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். மரப்பட்டறைக்காரர் இப்போது காதில் பஞ்சோடுதான் வேலைக்கு வருகிறார்.

அத்தை அறைக்குள்ளிருந்து, "ஊசி எழுதின அந்தப் பொத்தான் எதுங்க?" என்று கேட்டாள். மேடையில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் காட்டினேன். நான் மேலே நிற்கும்போதே அதை அமுக்கினாள். பூஜ்யம் வந்தது. "இப்ப இறங்குங்க," என்றாள். இறங்கினேன்.

திரையில் வந்த எண்ணை உனக்குச் சொல்ல மாட்டேன், அது அரசு ரகசியம். மைனஸ் போட்டு, சிவப்பாக, பெரிசாக வந்தது என்பது மட்டும் சொல்கிறேன். நான் ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தேன். அத்தை ஜன்னலில் நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் லாரிகள் வரிசையாக நின்றன. ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை.

"அது அப்படி இருக்க வேணாம்," என்றாள் கடைசியில். "ஏறி நில்லுங்க."

ஏறி நின்றேன், ஊசி.

புது நூல் இத்துடன் இருக்கிறது. ஒற்றை நூல்தான், எட்டிவிட்டது. முடிச்சு என்னுடையது.

உன் டன் மாமா.